வாட்டம்

மூன்று பேரிடம் விலை கேட்டேன்.
அண்ணாநகர் கம்பெனிக்காரன் சந்து முனையில் காரை நிறுத்தி
கண்ணாடியை இறக்கினான், எங்கள் தெருவைப் பார்த்தான்,
கண்ணாடியை ஏற்றினான்.
இரண்டாமவன் போட்டோ அனுப்பச் சொன்னான்.
சதுர அடிக்கு அறுபது என்று பதில் வந்தது,
கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.
தேசிங்கு நடந்தே வந்தார்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால் லேட்டு என்றார்.
இந்தப் பக்கத்தில் அதைப் பொய்யென்று
யாரும் நிரூபிக்க முடியாது.

செருப்பை வெளியே விட்டு
உப்புப் பூத்த சிமெண்ட் தரையில் உட்கார்ந்து
ஜுரம் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தார்.
"மழைத்தண்ணி எந்தப் பக்கமா உள்ள வரும்?"
"வாசலாலதான்."
"போறது?"
"மொண்டு ஊத்துனாதான் போவும்."
முப்பத்தெட்டு என்றார். முப்பத்தைந்து என்றேன்.
காதைக் குடைந்துகொண்டே முப்பத்தாறில் நின்றார்.
முன்னூற்றுப் பத்து சதுர அடி,
பதினோராயிரத்து நூற்று அறுபது ரூபாய்.
கப்பல் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
பெருக்க எனக்குக் காகிதம் வேண்டாம்.

நான்கு நாள் என்றவர் ஒன்பது நாள் எடுத்தார்.
அதில் இரண்டு நாள் ஆளே இல்லை.
பீரோவும் நாங்களும் சமையலறையில் படுத்தோம்.
கட்டிங் மெஷின் தூசு
தயிரிலும் இறங்கியது.
கேட்டில் மணி அடித்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.
கூட்ஸ் வண்டி முழுக்கப் போய்
ஜன்னல் கம்பி அதிர்வு நின்ற பிறகுதான்
அடுத்த கல்லுக்குக் கலவை.
கூட வந்த ஒடிசா பையன் ரஞ்சனும்
பெட்டிகளை எண்ணியபடி பெட்டிமேல் உட்கார்ந்திருப்பான்.
டீக்குச் சாக்கு என்று நினைத்தேன்.
சொல்லவும் சொன்னேன்.

கடைசி நாள்
ஒரு ரூபாய்க் காசால் கல் கல்லாகத் தட்டினேன்.
பொத்தல் சத்தம் எங்கும் இல்லை,
ஸ்டவ்வுக்கு அடியில் ஒன்றைத் தவிர.
பிறகு மகளின் கோலிக்குண்டைச்
சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன்.
அது கொஞ்சம் யோசித்தது.
அப்புறம் கிளம்பி, கூடத்தைத் தாண்டி,
வாசல் மூலையில் அவர் விட்டிருந்த
விரல் அகலத் துளையில் போய் விழுந்தது.

"இது இன்னா மேஸ்திரி?"
"வாட்டம்மா."
"நான் கேட்டது மட்டம்."
ரசமட்டத்தை எடுத்துத் துடைத்தார்,
துடைத்ததைப் பைக்குள் வைத்தார்.
அந்தக் குமிழி எனக்காக ஒருமுறை
நடுவில் நின்று காட்டவேயில்லை.
பத்தாயிரம் கொடுத்தேன்.
ஆயிரத்து நூற்று அறுபதை
உருண்ட கோலிக்காகப் பிடித்துக்கொண்டேன்.
வாதாடினால் பாதி கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.
அவர் வாதாடவில்லை.

கார்த்திகைக் கடைசியில் தெரு நிரம்பியது.
வழக்கம்போல அழைக்காமல் உள்ளே வந்தது,
ஒரு செருப்பையும் யாருடைய மூடியையோ தள்ளிக்கொண்டு.
விடியற்காலம் நான்கு மணிக்கு
முறத்தையும் பக்கெட்டையும் தேடி எழுந்தேன்.
தெரு வடிந்திருந்தது.
கூடமும் வடிந்துகொண்டிருந்தது,
யாரும் தொடாமல்,
மூலைத் துளையில் குழந்தை பால் குடிக்கும் சத்தத்தோடு.
எதிர்வீட்டு ஜெபமணி
குனிந்து குனிந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.
பக்கெட்டை அவளுக்குக் கொடுத்தேன்.

இப்போது தெருவில் நாலு பேர் அவர் நம்பர் கேட்டார்கள்.
அவர்கள் அழைத்தால் எடுக்கிறார்.
நான் அழைத்தால் முழுக்க அடித்து நிற்கிறது.
ஜெபமணிக்குச் சதுர அடி நாற்பத்திரண்டாம்,
பணம் முழுக்க முன்னாலேயே வேண்டுமாம்.
அவள் கையில் என் கவரைக் கொடுத்தனுப்பினேன்.
பிரிக்காமல் திரும்பி வந்தது,
மேலே பென்சிலில்: ஸ்டவ்வுக்கு அடியில ஒரு கல் பாக்கி.

கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன்.
கை தவறினால் எல்லாம் ஒரே திசைக்குப் போகிறது.
எழுந்துபோய், வாசல் மூலையில் குனிந்து,
பொறுக்கிக்கொண்டு வருகிறேன்.